ஊரை விட்டு வேலைக்குப் போகலாமா? வட ஆற்காட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பல வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் எடுத்தேன். வகுப்பில் வாயே திறக்காத பையன்கள்கூட பரீட்சை முடிந்ததும் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். "சார், சென்னைக்குப் போகட்டுமா, பெங்களூருக்குப் போகட்டுமா?" அவர்களுடைய அம்மாக்களும் கேட்பார்கள், அந்தக் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். வட ஆற்காடு என்று நான் சொல்வது 1989க்கு முந்தைய பழைய ஜில்லாவை. இன்றைக்கு அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டங்களாகக் கிடக்கிறது.

ஊரில் நாள் கூலி 400 ரூபாய், சென்னையில் 700. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கூலியைப் பார்க்காதே, மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார். ஒரு கணக்குப் போடலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உன் எண்களை நீ போட்டுக்கொள்.

ஊரில் மாதம் 15 நாள் வேலை கிடைத்தால் 6,000 ரூபாய். வாடகை இல்லை, ரேஷன் அரிசி இருக்கிறது. உன் ஒருவனுக்கான செலவு 2,500 போனால் மிச்சம் 3,500.

சென்னையில் 22 நாள் வேலை என்றால் 15,400. நாலு பேர் சேர்ந்து எடுத்த ரூமில் உன் பங்கு 3,000. மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் நாளைக்கு 180 வீதம் மாதம் 5,400. பஸ்ஸுக்கும் போனுக்கும் 1,500. மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்து போக 600. டீ, சோப்பு, காய்ச்சல் தலைவலி என்று 1,300. மொத்தம் 11,800. மிச்சம் 3,600.

300 ரூபாய் கூலி வித்தியாசம் மாதக் கடைசியில் 100 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. இப்போது இரண்டே இரண்டு எண்களை மாற்று. 22 நாளுக்குப் பதில் 26 நாள் வேலை கிடைத்தால் 2,800 கூடுகிறது. ரூமிலேயே சமைத்துச் சாப்பாட்டுச் செலவை 3,000க்குக் கொண்டுவந்தால் இன்னொரு 2,400. மிச்சம் 8,800 ஆகிவிடுகிறது. கூலியில் ஒரு ரூபாய் கூடவில்லை. அதனால் போவதற்கு முன்னால் நீ கேட்க வேண்டிய கேள்விகள் "எவ்வளவு தருவாங்க?" என்பதல்ல. மாதம் எத்தனை நாள் வேலை இருக்கும், தங்கும் இடத்தில் அடுப்பு வைக்க விடுவார்களா, இந்த இரண்டும்தான். அடுப்பைப் பற்றிக் கேட்டால் பையன்கள் சிரிக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து வரும்போது சிரிப்பதில்லை.

இவ்வளவுதான் மிச்சம் என்றால் ஜனங்கள் ஏன் போய்க்கொண்டே இருக்கிறார்கள்?

இதைப் பொருளாதாரக்காரர்கள் எழுபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். செயின்ட் லூசியா என்ற சின்னத் தீவில் பிறந்த ஆர்தர் லூயிஸ் 1954ல் ஒரு விளக்கம் சொன்னார். கிராமத்தில் ஆள் அதிகம், நிலம் குறைவு. ஆகவே நகரத்து முதலாளி கிராமத்துப் பிழைப்பைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலே ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அந்தக் கூட்டம் தீரும்வரை கூலி ஏறாது. 1979ல் அவருக்கு நோபல் கிடைத்தது.

பிறகு மைக்கேல் டொடாரோ 1969லும், ஜான் ஹாரிஸுடன் சேர்ந்து 1970லும் இன்னொன்று சொன்னார். நகரத்துக்குக் கிளம்புகிறவன் இன்றைய கூலியை மட்டும் பார்ப்பதில்லை, நல்ல வேலை கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்கிறான். பத்தில் நாலு பேருக்குத்தான் கிடைக்கும் என்றாலும் அந்த நாலு பேர் வாங்குவது பெரிய சம்பளமாக இருந்தால் மீதி ஆறு பேரும் காத்திருப்பார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. நகரத்தில் வேலையைக் கூட்டினால் வேலையில்லாதவர்களும் கூடலாம். கென்யாவில் 1964ல் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வேலைகளைக் கூட்ட ஒப்பந்தம் போட்டபோது அப்படித்தான் ஆனது. சேதி கேட்டு நகரத்துக்கு வந்த கூட்டம் வேலைகளைவிடப் பெரிதாக இருந்தது.

இரண்டு கணக்கிலும் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றும். போகிறவனைத் தனி ஆளாகப் பார்க்கிறார்கள். நம் பக்கத்தில் போகிறவன் தனி ஆள் அல்ல. அவனுக்குப் பின்னால் ஊரில் ஒரு வீடு, ஒரு ரேஷன் கார்டு, நாலு ஆடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி எல்லாம் இருக்கின்றன. அவன் காய்ச்சலில் விழுந்தால் வந்து படுப்பது ஊரில். பிரசவம் ஊரில். வேலை இல்லாத மழைக்காலம் ஊரில். அந்தச் செலவு எதையும் நகரத்து முதலாளி கொடுப்பதில்லை, அதனால்தான் 700 ரூபாய் கூலி அவருக்குக் கட்டுப்படியாகிறது. கடைசியில் பார்த்தால் நகரத்துக் கூலியில் ஒரு பங்கை நம் கிராமத்துப் பெண்கள்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்து ஜனங்கள் எப்போதிலிருந்து வெளியே போகிறார்கள்?

ரொம்ப காலமாக. 1880களில் கோலார் தங்கச் சுரங்கம் பெரிதாக வளர்ந்தபோது வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஊரில் பண்ணையாரிடம் கைகட்டி நிற்பதைவிடப் பூமிக்கடியில் இறங்குவது மேல் என்று நினைத்தவர்கள் அவர்கள். கூலி மட்டும் காரணம் இல்லை, மரியாதையும் ஒரு காரணம். இதை எந்தச் சூத்திரத்திலும் நான் பார்த்ததில்லை. 2001 பிப்ரவரியில் அந்தச் சுரங்கத்தை மூடினார்கள். இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். வேலை போய்விட்டது, ஊர் தங்கிவிட்டது.

விவசாயத்துக்கு வந்தால், 1973-74ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மதராஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆற்காட்டுக் கிராமங்களில் தங்கி, புது நெல் ரகங்கள் என்ன செய்தன என்று ஆராய்ந்தார்கள். பத்து வருடம் கழித்து மறுபடியும் அதே பகுதியில் ஆய்வு நடந்தது. பசுமைப் புரட்சியைப் பற்றி உலகத்தில் எங்கே பேசினாலும் நம் ஜில்லா பெயர் வருவது இதனால்தான். அந்த நெல்லுக்குத் தண்ணீர் ஏது? கிணறும் பம்புசெட்டும்தான். கிணறு வற்ற வற்ற ஆழம் போட்டோம், அப்புறம் போர் போட்டோம், அதுவும் வற்றிப் போனபோது பிள்ளைகள் பஸ் ஏறினார்கள். பாலாற்றங்கரையில் இன்னொரு அடியும் விழுந்தது. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு நிலத்திலும் கிணற்றிலும் இறங்கி விவசாயத்தைக் கெடுத்தது. வேலூரைச் சேர்ந்த குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இன்றும் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டுகிறார்கள். தீர்ப்பு வந்தது, ஆனால் கெட்ட கிணறு நல்ல கிணறாகவில்லை.

ஆம்பூரில் ஷூ கம்பெனி, குடியாத்தத்தில் பீடி, லுங்கி. உள்ளூரிலேயே வேலை இருக்கிறதே?

இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்போது ஒன்றாக இருந்த வேலூர் மாவட்டத்தில் 39 லட்சம் பேர், அதில் 43 சதவீதம் நகரவாசிகள். அப்போது நாடு முழுக்க 31 சதவீதம்தான். நாமே ஒரு வகையில் நகரம்தான். ஆனால் இது சின்னச் சின்ன ஊர்களாகச் சிதறிய நகரம். கிராமத்தில் தூங்கி, ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பலாம். சம்பளம் சென்னையைவிடக் குறைவு. ஆனால் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பார், வாடகையும் கடைச் சாப்பாடும் இல்லாத சம்பளம் அது. உள்ளூர் வேலை கிடைத்தால் அதை அலட்சியமாக விட்டுவிடாதே என்றுதான் சொல்வேன்.

பீடி வேறு கதை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி ஆயிரம் முடிக்க நாள் முழுவதும் போய்விடும். கொண்டுபோய்க் கொடுத்தால் சரியில்லை என்று ஒரு கை கழித்துப் போடுவார்கள், அதற்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை மட்டமாக இருந்தால் குறைகிற பீடிக்கு நம் காசில் இலை வாங்கிப் போட வேண்டும். 1966லேயே பீடித் தொழிலாளர்களுக்கு என்று தனிச் சட்டம் வந்தது. ஆனால் பீடித் தொழிலாளர் அட்டை இருப்பது ஒருவர் பேரில், சுற்றுவது அம்மா, மகள், மருமகள் மூன்று பேர். என் வகுப்பில் விரல் நுனி தேய்ந்த பெண் பிள்ளைகள் இருந்தார்கள். பரீட்சை அன்றைக்கும் காலையில் இருநூறு சுற்றி வைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். மகளை வெளியூர் வேலைக்கு அனுப்பவே மாட்டேன் என்ற அம்மாக்கள், பீடி முறத்தைக் காட்டினால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

பெண்ணை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிக்கு அனுப்பலாமா, சார்?

அனுப்பலாம் அம்மா. ஆனால் கம்பெனியைப் பார்ப்பதற்கு முன்னால் ஹாஸ்டலைப் பாருங்கள். 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஒரு ஹாஸ்டலில் சாப்பிட்ட பெண் தொழிலாளர்கள் நோயில் விழுந்தார்கள். அவர்களுடன் வேலை செய்த பெண்கள் திரண்டு வந்து சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சம்பள உயர்வு கேட்டு அவர்கள் உட்காரவில்லை. சோறு, கக்கூஸ், ஒரு ரூமில் எத்தனை பேர், இவைதான் பிரச்சினை. அதற்குப் பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் அளவுக்கு அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் ஒரு விடுதி கட்டித் திறந்தது. சாலையில் உட்கார்ந்ததற்குப் பலன் உண்டு.

வேலூர் உட்படச் சில ஊர்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசின் 'தோழி' விடுதிகளும் இருக்கின்றன, விசாரியுங்கள். அப்புறம் ஒரு விஷயம். கம்பெனி நேரடியாக எடுக்கிறதா, காண்ட்ராக்ட் மூலமா என்று கேளுங்கள். ஒரே வரிசையில் ஒரே வேலை செய்யும் இரண்டு பெண்களின் சம்பளம் வேறாக இருப்பது இதனால்தான்.

சம்பளச் சீட்டில் பிடித்தம் பிடித்தம் என்று போகிறதே, அது ஏமாற்றா?

பி.எஃப்.பும் (வருங்கால வைப்பு நிதி) இ.எஸ்.ஐ.யும் (தொழிலாளர் காப்பீடு) ஏமாற்று இல்லை, உன் பணம். மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. உன் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி போடுவது 3.25 சதவீதம். அதாவது 15,000 வாங்கினால் உன்னிடமிருந்து 112 ரூபாய் சொச்சம்தான் போகும். அதற்கு வைத்தியம் உனக்கும் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கும் கிடைக்கும். உடம்புக்கு முடியாத நாட்களுக்கு 70 சதவீதக் கூலி, வருடத்தில் 91 நாள் வரை. பெண்களுக்குப் பிரசவத்துக்கு 26 வாரம். பையன்கள் பலர் இந்தக் கார்டை வாங்காமலேயே மூன்று கம்பெனி மாறிவிடுகிறார்கள்.

பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அது ஏமாற்று. உன் பி.எஃப். கணக்கு எண்ணை வைத்து போனிலேயே மாதாமாதம் பார்க்கலாம். பார்.

மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூப்பிடுகிறார். வாங்கலாமா?

தெரிந்த மேஸ்திரி, தெரிந்த வேலை, தெரிந்த இடம் என்றால் யோசிக்கலாம். மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் வாங்காதே. முன்பணம் வாங்கிய பிறகு கூலி எவ்வளவு என்று சொல்லும் உரிமை உன்னிடம் இல்லை. 1976லேயே கொத்தடிமை முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆனாலும் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்க வேண்டியிருந்தது. சின்னக் கடனுக்காக வருடக்கணக்கில் கிடந்தவர்கள் அதில் உண்டு.

ஜவ்வாது மலையில் 'கட்டட வேலை, நல்ல கூலி' என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போன கதைகளைக் கேட்டிருப்பாய். 2015 ஏப்ரல் 7ல் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, ஆந்திரச் சிறப்புப் படை சுட்டு 20 பேர் செத்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைகள்தான் பெரும்பாலும். வேலை என்னவென்று சொல்லாமல் பணம் கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா.

கட்டட வேலை என்றால் கொத்தனாரோ சித்தாளோ முதலில் நல வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பிள்ளை படிப்புக்கு உதவித்தொகை, விபத்து இழப்பீடு, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் அதில் இருக்கிறது.

வடக்கத்திக்காரர்கள் வந்துதான் நம் கூலி குறைகிறது என்கிறார்களே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். 2015 ஜனவரி கடைசியில் ஒரு ராத்திரி, ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. சேறும் கழிவும் பக்கத்துத் தோல் ஷாப்புக்குள் பாய்ந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஏன் வேலை செய்யும் இடத்திலேயே தூங்கினார்கள்? வாடகையை மிச்சம் பிடிக்க. சென்னையில் நம் பையன் ரூம் வாடகையை நாலாகப் பிரிக்கிறானே, அதே கணக்குத்தான்.

கூலி குறைவது உண்மையானால் அதற்குக் காரணம் அவர்கள் பேசும் பாஷை இல்லை. எட்டு மணி நேரக் கூலிக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை வாங்குகிறவர் இருக்கிறார், அவரைக் கேட்க ஆள் இல்லை. கோலாரிலும் பெங்களூரிலும் நம்மையும் 'வந்தேறி' என்றுதான் பார்த்தார்கள். 2020 மே முதல் வாரத்தில் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் கிளம்பியது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து ஊரடங்கில் மாட்டிக்கொண்டவர்களும் தொழிலாளர்களும் அதில் போனார்கள். அவர்கள் போன பிறகு பல ஹோட்டல்களில் அடுப்பு எரியவில்லை.

ரூமுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2017ல் வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். கையெழுத்துக்கு முன்னால் படி.

ரேஷன்?

2020 அக்டோபரிலிருந்து மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். ஆனால் கார்டு ஒன்றுதான். நீ சென்னையில் வாங்கினால் ஊரில் அம்மாவுக்குக் குறையும்.

மற்ற ஏழை நாடுகளிலும் இப்படித்தானா?

பங்களாதேஷில் ரங்பூர் பக்கம் அறுவடைக்கு முன்னால் வருடா வருடம் ஒரு பஞ்ச காலம் வரும், 'மோங்கா' என்பார்கள். 2008ல் ஆராய்ச்சிக்காரர்கள் சில குடும்பங்களுக்கு வண்டிச் செலவுக்கு 600 டாக்கா (அந்த நாட்டுப் பணம்) கொடுத்து நகரத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நிறையப் பேர் போனார்கள், வீட்டில் சாப்பாடு கூடியது, அடுத்த வருடம் பணம் கொடுக்காமலேயே பலர் மறுபடி போனார்கள். அதுவரை ஏன் போகவில்லை? போய் வேலை கிடைக்காவிட்டால் அந்த 600ம் போய்விடுமே என்ற பயம். பின்னால் இதே திட்டத்தைப் பெரிதாகச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கானா நாட்டின் அக்ரா நகரத்தில் வடக்குக் கிராமங்களிலிருந்து வந்தவர்களைக் கீத் ஹார்ட் என்ற மானுடவியலாளர் 1960களில் கவனித்தார். 'வேலையில்லாதவர்கள்' என்று அரசு எழுதி வைத்திருந்தவர்கள் உண்மையில் ஓய்வே இல்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். செருப்புத் தைப்பது, சாராயம் காய்ச்சுவது, தள்ளுவண்டி என்று. 'முறைசாராத் துறை' என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. இந்தியாவில் இன்றும் பத்தில் ஒன்பது பேர் ஏறக்குறைய அந்த மாதிரி வேலையில்தான் இருக்கிறோம்.

எல்லாரும் வெளியே போய்விட்டோம். ஊரில் இருக்கும் வீட்டையும் கொஞ்ச நிலத்தையும் விற்றுவிடலாமா?

என்னிடம் படித்த அண்ணன் தம்பி இரண்டு பேர் இதைக் கேட்டு வந்தார்கள். பெரியவன் பெங்களூரில் டைல்ஸ் போடுகிறவன், சின்னவன் ஒரகடத்தில் காண்ட்ராக்ட் வேலை. ஊரில் நாற்பது சென்ட் நிலம், ஓட்டு வீடு, அம்மா. நான் கேட்டது ஒன்றுதான்: நிலத்தை விற்றால் உங்கள் கூலி ஏறுமா? ஏறாது. ஆனால் கீழே விழுந்து கால் உடைந்தால் மூன்று மாதம் எங்கே படுப்பது, சம்சாரத்தின் பிரசவத்துக்கு யார் துணை, காண்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை எங்கே சாப்பிடுவது, அதற்கெல்லாம் பதில் அந்த நாற்பது சென்ட்டில் இருக்கிறது. நிரந்தர வேலை, இ.எஸ்.ஐ., குடும்பத்தோடு இருக்கச் சொந்தமாகவோ நிச்சயமாகவோ ஒரு வீடு, இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகு விற்பதைப் பற்றிப் பேசலாம் என்றேன்.

சின்னவனுக்குக் கோபம். "அப்படின்னா காலம் முழுக்க ரெண்டு ஊர்லயும் பாதிப் பாதியா வாழணுமா சார்?" என்றான். சரியான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. 2020 ஏப்ரலில் இரண்டு பேரும் அந்த ஓட்டு வீட்டில்தான் இருந்தார்கள். அம்மா வேர்க்கடலை போட்டிருந்தார்கள்.